வெந்நீருக்குத் தோற்ற மந்திரம்

எழுபத்திரண்டாம் ஆண்டு, பாகூர்ப் பக்கத்து நாணல்மேடு என்ற ஊரில் புல் முளைத்தது. புல் முளைப்பதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்காதீர்கள். அதைப் பார்க்கக் கரையாம்புத்தூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். பூரணாங்குப்பத்தில் வலையை மடித்து வைத்துவிட்டு வந்தார்கள். வில்லியனூரிலிருந்து ஒரு வக்கீல் குமாஸ்தா வந்து, புல்லுக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, சட்டையெல்லாம் மண்ணாக எழுந்து போனார்.

முளைத்த இடம் அப்படி. செங்கல் சூளைக்காக மேல்மண்ணை வழித்தெடுத்த பொட்டல் அது. மூன்று வருஷமாக அங்கே ஒரு எருக்கஞ்செடிகூட எட்டிப் பார்க்கவில்லை. எங்கிருந்தோ வந்து அதில் குடிசை போட்ட ஓர் ஆசாமி, வாசல் பள்ளத்தை நிரப்பப் பக்கத்து மேய்ச்சல் மேட்டிலிருந்து நாலு கூடை மண் வெட்டிக் கொட்டினார். மழை பெய்தது. வாசலில் கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரத்துக்கு எழுந்து நின்றது. வந்தபோது அவர் வெறும் சிங்காரவேலு. புல்லைப் பார்த்த பத்தாம் நாள் பசும்புல் சித்தர். தாடி மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது.

அதற்குப் பிறகு மேட்டு மண்ணை உருண்டை பிடித்து, நூற்றெட்டு தடவை முணுமுணுத்து, காணிக்கை வாங்கிக்கொண்டு கொடுத்தார். முதலில் அது வயலுக்குப் போனது. அப்புறம் பரீட்சை எழுதும் பிள்ளையின் சட்டைப்பைக்கும், வழக்குக் கட்டுக்கும், பிள்ளையில்லாதவளின் முந்தானை முடிச்சுக்கும் போனது. புல்லுக்குக் கொடுக்கிற சரக்கு கோர்ட்டுக்கு எப்படிச் செல்லும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் பலிக்காதாமே!

செங்கமலத்துக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை. அவள் நெல் அவிக்கிறவள். ஊரில் பாதி வீட்டு நெல் அவளுடைய அண்டாவில்தான் வெந்து அரிசியானது. அவளுக்கென்று இருந்தது ஒரு செவலைப் பசு. அந்தப் பசுவுக்கென்று இருந்தது அந்த மேய்ச்சல் மேடு. சித்தர் அதைச் சுற்றி முள்வேலி போட்டதும்தான் அவளுக்கு வயிறு எரிந்தது. உருண்டைக்காக மேட்டை நாளுக்கு நாள் வெட்டினார்கள். பசு கூரையில் செருகிய கீற்றை இழுத்துத் தின்றது. பால் வற்றிக்கொண்டே வந்தது.

ஒருநாள் வேலி இடுக்கில் கைவிட்டு ஒரு புல் தூரைப் பிடுங்கினாள். சித்தர் வாசல் புல்லின் விதை விழுந்து பொட்டலில் சவலையாக நின்ற இன்னொன்றையும் பிடுங்கினாள். பாகூரில் கடிகாரம் பழுது பார்க்கும் ஜாபர் அலியிடம் கொண்டுபோனாள்.

"பாய், அந்தக் கண்ணுல மாட்டற கண்ணாடியால இத்தக் கொஞ்சம் பாரு. ரெண்டும் ஒரே புல்லு. ஒண்ணு கொழுத்திருக்கு, ஒண்ணு செத்திருக்கு. இன்னா வித்தியாசம்?"

ஜாபர் அலி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "தங்கச்சி, மேட்டுப் புல்லு வேர்ல வெள்ள நூலு ஓடுது. வாட்ச்சுக்குள்ள முடியாட்டம் சுருண்டிருக்குமே ஹேர்ஸ்பிரிங்கு, அதுகூட இதுக்குப் பக்கத்துல தாம்புக் கயிறு. ரொட்டியில பூக்குதே பூஞ்சணம், அந்த ஜாதி. பொட்டல் புல்லுல இது இல்ல."

"பூஞ்சணமா? அப்போ உசுரு உள்ளதுதானே?"

"உசுரு இல்லாமயா பூக்கும்?"

அவித்த நெல் முளைக்காது என்பது செங்கமலத்துக்குத் தெரியாததா?

படித்தவர்கள் இதைப் பூஞ்சை என்பார்கள். வேர் போக முடியாத இண்டு இடுக்குக்கெல்லாம் இந்த நூல் போய், தண்ணீரும் சத்தும் கொண்டுவந்து புல்லுக்குக் கொடுக்கும். புல் தான் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கை அதற்குக் கொடுக்கும். இரண்டும் பேசி வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்துகின்றன. நடுவில் தரகு வாங்க வந்தவர்தான் சித்தர். தன் சரக்கு ஏன் வேலை செய்கிறது என்று அந்த மனிதருக்கே தெரியாது என்பதுதான் வேடிக்கை.

அடுத்த வாரம் ஊர்ச் சாவடியில் கூட்டம் கூடியது. மேடு முழுவதையும் மடத்துக்கு (குடிசைக்கு இப்போது அதுதான் பெயர்) எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்பது சித்தரின் திருவுளம். நாட்டாமை பச்சையப்பன் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தார். செங்கமலம் எழுந்தாள்.

"நாட்டாரே, ஒரு சந்தேகம். பவரு மண்ணுலயா, மந்திரத்துலயா?"

சித்தர் புன்னகைத்தார். "மண்ணு எல்லா ஊருலயும் கெடக்குது மகளே. மந்திரம்தான் பேசுது."

"அப்போ மண்ண நான் அண்டாவுல போட்டு அவிச்சுக் குடுத்தாலும் உங்க மந்திரம் பேசுமா?"

"என்னாடி கேள்வி இது!" என்று அதட்டினாள் பக்தைகளின் தலைவி வேலம்மாள். "சாமி மந்திரம் வெந்நீருக்குப் பயப்படுமா?"

கூட்டம் கைதட்டியது. கைதட்டலைக் கேட்டால் சித்தருக்கு நாக்கு நிற்காது. "நெருப்பே எனக்குப் புள்ள! நல்லாக் கொதிக்க வெச்சே குடு!"

அதோடு சித்தர் மாட்டிக்கொண்டார்.

பேச்சு முடிவானது. சாவடி முற்றத்தில் மூன்று தொட்டி, மூன்றிலும் பொட்டல் மண். ஒன்றில் மேட்டு மண்ணை அவித்துக் கலப்பது, அதற்குச் சித்தர் தினம் நூற்றெட்டு மந்திரம் சொல்வது. நடுத்தொட்டியில் எதுவும் கலப்பதில்லை. மூன்றாவதில் அவிக்காத மேட்டு மண். அதற்குச் செங்கமலம் வாயில் வந்ததைச் சொல்வது. ஒரே விதை, ஒரே செம்பில் தண்ணீர், கெடு ஒரு மண்டலம். சாவடிச் சாவி நாட்டாமையிடம்.

"நான் தோத்தா மாட்ட மதகடிப்பட்டுச் சந்தையில வித்துட்டு, மேட்டுப் பக்கமே திரும்பிப் பாக்கமாட்டேன்" என்றாள். "ஜெயிச்சா வேலியப் பிடுங்கிடணும்."

மண் ஊரார் கண்ணெதிரே வெந்தது; மூன்று தொட்டியையும் செங்கமலமே நிரப்பினாள். மறுநாள் முதல் சித்தர் கண்ணை மூடிக்கொண்டு முதல் தொட்டிக்கு மந்திரம் சொன்னார். செங்கமலம் தன் தொட்டி எதிரில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, கண்டக்டர் குரலில் கத்தினாள்: "வில்லியனூர், அரியூர், கண்டமங்கலம், திருவாண்டார்கோயில், திருபுவனை, மதகடிப்பட்டு! எறங்கறவங்க எறங்கு! ரைட், போலாம்!"

எட்டாம் நாள் மூன்று தொட்டியிலும் புல் முளைத்தது. சித்தருக்குப் பூமாரி. மற்ற இரண்டிலும் முளைத்திருக்கிறதே என்று பார்க்க, பக்தி உள்ள கண்ணுக்கு நேரமில்லை. இருபதாம் நாளும் மூன்றும் ஒரே உயரம். செங்கமலத்துக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் செவலை காலிக் கழுநீர்த் தொட்டியை நக்குவதைப் பார்த்து, "வாய வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாமே" என்று அழுதேவிட்டாள்.

முப்பதாம் நாளுக்கு மேல் புல் தன் வேலையைக் காட்டியது. நாற்பத்தெட்டாம் நாள் சாவடியில் கால்வைக்க இடமில்லை. நாட்டாமை கதவைத் திறந்தார். மந்திரம் கேட்ட புல் விரல் நீளத்தில் மஞ்சளாகப் படுத்திருந்தது. எதுவும் கேட்காத நடுத்தொட்டிப் புல்லும் அதே கதி. பஸ் நிறுத்தங்களைக் கேட்ட புல் தொட்டி விளிம்பைத் தாண்டி, கதிர் விட்டு, தலையாட்டிக்கொண்டிருந்தது.

சித்தர் அசரவில்லை. "பொம்பள கைபட்ட மண்ணு. தீட்டு!"

"மூணுலயும் என் கைதான் பட்டுச்சு, சாமி."

"அது... என் பார்வை அந்தக் கடைசித் தொட்டி மேல விழுந்துடுச்சு. அதான் தழைச்சுது."

"உங்க தொட்டியில கெளம்பின பார்வை, நடுத்தொட்டியத் தாண்டிக் குதிச்சு என் தொட்டியில போய் விழுந்துச்சா?"

முதலில் சிரித்தவர் நாட்டாமை. பிறகு சாவடியே சிரித்தது. சித்தர் கண்ணை மூடினார். திறந்தபோதும் சிரிப்பு ஓயவில்லை. தாடியைத் தடவியபடி வெளியே போனார். மத்தியானம் மதகடிப்பட்டுப் பக்கம் போகிற பஸ்ஸில் மூட்டையோடு ஏறியதைப் பார்த்தவர்கள் உண்டு. படியில் நின்ற கண்டக்டர் செங்கமலத்தின் மந்திரத்தையே ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டு போனானாம்.

அன்று சாயங்காலமே முள்வேலியைப் பிடுங்கினார்கள். செவலை மேட்டில் ஏறி, வெட்டாமல் மிஞ்சியிருந்த புல்லில் வாயை வைத்தது. செங்கமலம் அதன் முதுகைத் தடவியபடி நின்றாள். அவளுக்கு இப்போது அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பினாள். வேலம்மாள், அவள் பின்னால் பத்துப் பேர். எல்லார் கையிலும் வெற்றிலை பாக்குத் தட்டு. வேலம்மாள் பயபக்தியோடு கும்பிட்டாள்.

"தாயே, அந்த பஸ் மந்திரத்த ஒரு நாளைக்கு எத்தினி தபா சொல்லணும்? திருபுவனையில நின்னு சொல்லணுமா, நிக்காம சொல்லணுமா?"

செங்கமலம் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"மண்ண அவிச்சா இன்னா ஆவும்னு நாப்பத்தெட்டு நாளு நின்னு பாத்தீங்களே," என்றாள். "உங்க மூளைய எவன்டி அவிச்சான்?"