லிகாயாவுக்கு நாய் பார்த்த கதை

காவிதே (மணிலா பக்கம்),
ஞாயிறு பகல்.

மிலான் நகரில் இருக்கும் அன்பும் மதிப்பும் நிறைந்த ரெமி சித்திக்கு,

உங்கள் அக்கா மகள் மாரிவிக் எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் அப்பாவும் உங்கள் மகள் லிகாயாவும் நலம். அங்கே நீங்களும், உங்கள் எஜமானியம்மாவும், அவருடைய நாய் பெப்பேயும் நலமாக இருக்க அந்தோணியாரை வேண்டிக்கொள்கிறேன். வேலை நேரத்தில் அந்த வீட்டுக்குள் ஃபோனைத் தொடக்கூடாது என்று நீங்கள் சொல்லியிருப்பதாலும், இந்த விஷயம் ஃபோனில் அடங்காது என்பதாலும், விடுமுறை முடிந்து மிலானுக்குத் திரும்பும் நெனெங் அக்காவிடம் இந்தக் கடிதத்தையும் ஒரு பொட்டலம் கருவாட்டையும் கொடுத்தனுப்புகிறேன். கருவாட்டை எஜமானியம்மா ஊரில் இல்லாத நாளில் மட்டும் வறுக்கவும்.

ஜனவரியில் நீங்கள் எனக்கு ஒரு வேலை கொடுத்தீர்கள். பெப்பேயை நடக்கக் கூட்டிப்போகும்போதுதான் உங்களால் மகளோடு பேச முடிகிறது. அவளோ உங்கள் முகத்தைப் பார்க்காமல் நாயைக் காட்டு, நாயைக் காட்டு என்றே கேட்கிறாள். ஆகவே பிள்ளைக்கு நாய் ஆசை வந்துவிட்டது, யாருக்கும் நேரமில்லாத நம் குடும்பத்துக்கு ஏற்ற நல்ல ஜாதி நாயாகப் பார் என்றீர்கள். நீதானே நாய் நிபுணி என்றும் சொன்னீர்கள். அமெரிக்கர்களின் நாய்களுக்குக் காப்பீடு விற்கும் கம்பெனியில் ராத்திரி முழுக்க ஃபோன் எடுப்பவளுக்கு அப்படி ஒரு பட்டம் கிடைக்கிறது. எந்த இனத்துக்கு எந்த வயதில் இடுப்பெலும்பு தேயும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கும் என் இடுப்புக்கு என்ன ஆகும் என்று கம்பெனி சொல்லித்தரவில்லை.

நம் வீட்டு நேரம் உங்களுக்குத் தெரியும். அம்மா விடிவதற்குள் தையல் ஆலைக்குப் போனால் ஓவர்டைம் முடிந்து வர இரவு எட்டாகும். அப்பா ஓட்டும் ஜீப்னி வண்டி எப்போது திரும்பும் என்பது மணிலா நெரிசலுக்குத்தான் தெரியும். நான் மாலை ஐந்துக்குக் கிளம்ப வேண்டும். லிகாயா நாலரைக்குப் பள்ளியிலிருந்து வருகிறாள். ஐந்திலிருந்து எட்டு வரை அந்த வீட்டில் ஒரு ஏழு வயதுப் பிள்ளையும் ஒரு மின்விசிறியும்தான். இந்த மூன்று மணி நேரத்துக்குத்தான் நாய் வேண்டும். வேலை நேரம் முடிவாகிவிட்டது, ஆள் மட்டும் கிடைக்கவில்லை.

வாங்குவதற்கு முன் இரவல் வாங்கிப் பழகிப் பார்க்கலாம் என்றார் அப்பா. இது எவ்வளவு பெரிய பிழை என்று அப்போது தெரியவில்லை. லிகாயாவின் ஞானத்தந்தை அம்போ ஒரு ஹஸ்கி வைத்திருந்தார் அல்லவா, கேட்ட அன்றே ஜீப்னியில் ஏற்றி அனுப்பிவிட்டார். சித்தி, அழகென்றால் அப்படி ஓர் அழகு. கண் இரண்டும் நீலம். மாதா ஊர்வலத்தில் வைத்தால் ஜனம் மெழுகுவத்தி கொளுத்தும். ஆனால் அது பனிக்கட்டிமேல் வண்டி இழுக்கப் பிறந்தது. நம் ஊரில் ஏப்ரல் மாதத்தில் தகரக் கூரையின் கீழ் அது என்ன செய்யும்? வீட்டில் ஏசி இருப்பது ஒரே அறையில், இரவு வேலைக்குப் போகிற நான் பகலில் தூங்க வேண்டுமே என்று நீங்கள் வாங்கிக் கொடுத்த ஏசி. இரண்டாம் நாள் அந்த அறை நாயுடையது. மூன்றாம் நாள் கட்டிலும். நான் ஓரமாகத் தரையில் படுத்தேன். ஆலை மூடிய நாள் ஒன்றில் அம்மா எட்டிப் பார்த்து, "பாவம், அதுக்குப் போர்வை போத்திவிடேன்டி" என்றாள். எனக்குப் போர்வை இல்லாததை அவள் கவனிக்கவில்லை.

அதையும் பொறுத்தேன். பக்கத்து வீட்டு டொமெங் மாமா சாயங்காலம் மைக்கைப் பிடித்துப் பாட ஆரம்பித்ததும் ஹஸ்கியும் முகத்தை உயர்த்தி ஊளையிட ஆரம்பித்தது. நாங்கள் மன்னிப்புக் கேட்கப் போனோம். அவர் கண்கலங்கி நின்றார். இத்தனை வருஷமாகப் பாடுகிறேன், எனக்குப் பின்பாட்டுப் பாடிய முதல் ஜீவன் இதுதான் என்று சொல்லி, ஊர்த் திருவிழாப் பாட்டுப் போட்டிக்கு ஜோடியாகப் பெயர் கொடுத்துவிட்டு வந்தார். மின்சாரக் கட்டணத்தைப் பார்த்து அப்பா நாயைத் திருப்பிக் கொடுக்கத் துணிந்தபோதுதான் உண்மையான சிக்கல் வந்தது. ஞானத்தந்தை கொடுத்ததை வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? ஒரு பெரிய தட்டு நூடுல்ஸ் சமைத்து, நாயைக் குளிப்பாட்டி, குடும்பத்தோடு போய், நாய்க்கு எங்கள் வீடு தகுதியில்லை என்று நாங்களே எங்களைத் தாழ்த்திப் பேசி ஒப்படைத்தோம். அம்போ மாமா தட்டை வாங்கிக்கொண்டார். முகம் இன்னும் தெளியவில்லை. டொமெங் மாமா இப்போது தனியாகப் பாடுகிறார், சோகப் பாட்டாகவே.

அடுத்தது ஷீட்சு. இது நாங்கள் கேட்டு வந்ததல்ல. நாய் தேடுகிறோம் என்று ஆலையில் அம்மா வாய்விட்டாள். அவளுடைய மேற்பார்வையாளர் ஊருக்குப் போகையில் தன் நாயைக் கொண்டுவந்து, பழகிப் பாருங்கள் என்று மடியில் வைத்துவிட்டார். யாருக்கு ஓவர்டைம், யாருக்கு வீடு என்று முடிவு செய்கிறவர் நாயை எப்படி மறுப்பது? பஞ்சுப் பொதி மாதிரி சாதுவான பிராணி, குறையே சொல்ல முடியாது. முடியை மட்டும் தினமும் சீவ வேண்டும், இல்லாவிட்டால் சிக்குப் பிடிக்கும். பகல் முழுக்க யாரோ ஒரு வெள்ளைக்காரிக்குச் சட்டை தைத்துவிட்டு வந்த அம்மா, சோறு தின்னாமல் உட்கார்ந்து மேற்பார்வையாளரின் நாய்க்குச் சீவினாள். பக்கத்தில் லிகாயா தலையைச் சொறிந்துகொண்டு வரிசையில் நின்றாள். "கொஞ்சம் இரு கண்ணு, இவங்களுக்கு முடிச்சிட்டு உனக்கு" என்றாள் அம்மா. நாய்க்கு 'இவங்க'. எனக்கு வந்த கோபத்தில் சீப்பைப் பிடுங்கிக் கூரைமேல் எறிந்தேன். அம்மா என்னைத் திட்டவில்லை. ஏணி கேட்கப் போனாள்.

சித்தி, நான் ஃபோனில் பேசுகிற அமெரிக்கர்களும் அவசர வாழ்க்கைக்காரர்கள்தான். அவர்கள் வீட்டு நாயை நடக்கக் கூட்டிப்போக ஒருத்தி வருகிறாள், குளிப்பாட்ட ஒருத்தி வருகிறாள். ஜாதி நாய் என்பது வேலைக்காரி இருக்கிற வீட்டுக்கான நாய். நம் வீட்டில் எல்லாரும் வேலைக்காரர்கள். அதனால்தான் எதுவும் பொருந்தவில்லை.

இப்படி நான் கையை விரித்திருந்தபோதுதான் பிரவுனியைக் கவனித்தேன். கவனித்தேன் என்பதே வெட்கக்கேடு. தெருமுனையில் சவாரிக்கு ட்ரைசைக்கிள் வண்டிகள் நிற்கும் இடத்தில் படுத்துக்கிடக்கும் பழுப்பு நிறத் தெருநாய். ஒரு காது மடங்கியிருக்கும். இனம் என்ன என்று கேட்டால் நம் இனம்தான். நான் வேலைக்குக் கிளம்பும்போது அது எதிரே நம் வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். ஷிஃப்ட் மாறுகிற இரண்டு பேர் மாதிரி தினமும் கடந்திருக்கிறோம், எனக்குத்தான் உறைக்கவில்லை.

போன வாரம் ஒரு நாள், நான் போன பிறகு, குடித்திருந்த ஒருவன் வந்து வாசல் கம்பிக் கதவை ஆட்டியிருக்கிறான். உன் பெரியப்பாவின் கூட்டாளிதான், திற பாப்பா என்றிருக்கிறான். லிகாயா மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டாளாம். பிரவுனி குரைக்கவில்லை. கதவுக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்று பல்லைக் காட்டியது, அவ்வளவுதான் என்கிறார் டொமெங் மாமா. பாட்டை நிறுத்திவிட்டு அவர் மைக்கோடு ஓடிவருவதற்குள் ஆள் தெருவைத் தாண்டிவிட்டான். அம்மா வந்து கதவைத் திறக்கும்வரை அது அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. அந்த நேரத்தில் ஆபீஸ் ஃபோனில் ஒரு அமெரிக்கர் என்னிடம், தன் நாய் மனச்சோர்வில் இருக்கிறது, அதற்குக் காப்பீடு உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பிரவுனிக்கு ஏசி வேண்டாம், சீப்பு வேண்டாம். சோறும் மீன் குழம்பும் போதும். மின்வெட்டு, மழை, மேற்பார்வையாளர் எதுவும் அதைப் பாதிப்பதில்லை. யாரும் நியமிக்காமல், சம்பளம் இல்லாமல், ஒரு நாள் விடுப்பு எடுக்காமல் வேலை பார்க்கிறது. இத்தனை இனங்களைப் பற்றிப் பேசி வயிறு வளர்க்கிறேன், இப்படி ஒரு நாயை நான் பார்த்ததில்லை. வெறிநாய்த் தடுப்பூசி போட்டாயிற்று. கழுத்துப் பட்டையும் வாங்கியாயிற்று. ஆகவே நாய்க்கென்று நீங்கள் எதுவும் அனுப்ப வேண்டாம். பொருத்தமான இனம் கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கையை எடுத்து என் நெற்றியில் வைத்துக்கொண்டதாக நினைத்து ஆசீர்வதியுங்கள். அந்தோணியார் அந்த வீட்டில் நீங்கள் தினமும் துடைக்கும் மாடிப்படிகளைக் குறைக்கட்டும். அம்மாவும் அப்பாவும் அன்பு சொல்லச் சொன்னார்கள். டொமெங் மாமா உங்களுக்கு ஒரு பாட்டு சமர்ப்பணம் என்றார், அதை எழுத்தில் அனுப்ப முடியாதது உங்கள் அதிர்ஷ்டம்.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள
மாரிவிக்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் லிகாயாவிடம் விஷயத்தைச் சொன்னேன். துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். "பிரவுனி ஏற்கெனவே நம்மளோடதுதானேக்கா, இதுக்கா இவ்ளோ பெரிய லெட்டர்?" என்றாள். அப்புறம் எதற்கடி தினமும் உன் அம்மாவிடம் நாயைக் காட்டு, நாயைக் காட்டு என்று உயிரை வாங்கினாய் என்று கேட்டேன்.

"பெப்பே நொண்டுதான்னு பாக்கத்தான். அது கிழடாயிடுச்சுக்கா. நொண்ட ஆரம்பிச்சா அம்மா திரும்பி வீட்டுக்குப் போயிடுவாங்க, ஃபோன் கட்டாயிடும். நல்லா நடந்துச்சுன்னா ரெண்டு தெரு கூடப் பேசுவாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவங்க வீட்டுக்கு வேற நாய் வாங்கச் சொல்லேன். ரொம்ப தூரம் நடக்கற நாயா. உனக்குத்தான் எல்லா நாயும் தெரியுமே" என்றாள்.

எனவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். நாய் தேவைப்படுவது நம் வீட்டுக்கு இல்லை. பெப்பே நீண்ட ஆயுளோடு சோபாவில் படுத்திருக்கட்டும். கூடவே பார்டர் கோலி ஒன்று வாங்கிக்கொள்ளும்படி உங்கள் எஜமானியம்மாவிடம் சொல்லுங்கள். ஆடு மேய்க்கப் பிறந்த இனம். காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம், மழையானாலும் பனியானாலும் வெளியே கூட்டிப்போய் நடக்கவைத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் வீட்டைக் கடித்துக் குதறிவிடும் என்று என் வாடிக்கையாளர்கள் அழுகிறார்கள். வேலை மிகுந்த குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான நாய் உலகத்தில் இல்லை என்று ஒரு நிபுணி சொன்னதாகச் சொல்லுங்கள்.