கையை ஆட்டினால் இன்னும் சத்தமாக

பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கிற எந்த வாத்தியாரும் முதலில் நிறுத்தக் கற்றுக்கொடுக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றிப் போட்ட மடையன் நான்.

1930-களில் பரமத்தி வேலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக வாத்தியாராக இருந்தேன். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து 'சரி' என்றால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் அப்பாவோடு கொடிக்காலில் வெற்றிலை கிள்ள வேண்டியதுதான். எங்கள் பிள்ளைகளோ எதைக் கேட்டாலும் "ஆமாங்க" என்று தரையைப் பார்க்கும் ரகம். தொண்டை கிழியப் பழக்கினேன். யார், எங்கே, எப்படி, ஏன், எல்லாம் சொல்ல வேண்டும். நான் கையைத் தூக்கி ஆட்டினால் இன்னும் சத்தமாக, இன்னும் விவரமாக! (என் சொந்த மூளையில் உதித்த ஏற்பாடு. அதில் பெருமை வேறு.)

இன்ஸ்பெக்டர் வருகிற நாளன்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசலுக்கும் கரும்பலகைக்கும் நடந்து நடந்தே மாற்று வேட்டியும் கசங்கிவிட்டது. காலையில் வர வேண்டியவர் உச்சி வெயிலில் வண்டியை விட்டு இறங்கினார். சிரித்தே பழகாத முகம். முன்னால் உட்கார்ந்திருந்த பாவாயியைக் கூப்பிட்டார்.

"இன்னிக்குக் காலையில நீ பார்த்தது ஒண்ணைச் சொல்லும்மா."

"எங்க வாத்தியாரப் பாத்தனுங்க!" பாவாயி கை கட்டிக்கொண்டு கணீரென்று ஆரம்பித்தாள். "எங்க ஊட்டுக்கு வந்து எங்கப்பன்கிட்டச் சேவல் கேட்டாருங்க. அது கை நழுவிக் கொடிக்காலுக்குள்ள ஓடிப்போச்சுங்க. வாத்தியாரும் பின்னாலயே ஓடுனாருங்க..."

இன்ஸ்பெக்டரின் முதுகுக்குப் பின்னால் நின்று, 'போதும் தாயே' என்று கையை ஆட்டினேன்.

பாவாயி குரலை உயர்த்தினாள். "வாய்க்கால்ல குப்புற உழுந்தாருங்க! வேட்டி அவுந்துபோச்சுங்க!"

பதறிப்போய் இரண்டு கைகளையும் ஆட்டினேன். இப்போது தெருவுக்கே கேட்டது.

"எதுக்குன்னா, இன்ஸ்பெக்டரு அய்யாவுக்குக் கோழிக்கொழம்பு போட்டாத்தான் வேல நெலைக்கும்னாருங்க! சேவல் இன்னும் ஆம்புடலீங்க!"

யார், எங்கே, எப்படி, ஏன். ஒன்றையும் விடவில்லை, பாவி மகள்!

இன்ஸ்பெக்டர் மெதுவாகத் திரும்பினார். என் கைகள் இன்னும் மேலேயே இருந்தன.

"நான் முட்டைகூடத் தொடறதில்லை ஐயா," என்றார். அப்புறம் பாவாயியைப் பார்த்தார். மீசை லேசாகத் துடித்தது. "ஜில்லா பூரா சுத்தறேன். ஒரு பிள்ளையும் இவ்வளவு தெளிவாச் சொன்னதில்லை. நீர் இந்தப் பள்ளிக்கூடத்துலயே இரும். அந்தச் சேவலை மட்டும் விட்டுடும்."

வேலை பிழைத்தது. மானம்தான், நான் வீடு போய்ச் சேர்வதற்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. இன்றைக்கும் சாப்பிடும்போது இலைக்கு மேலே கையை ஆட்டி, "போதும், போதும்" என்பேன்.

"இன்னும் வேணுங்களா?" என்று கேட்டுக்கொண்டே, என் மனைவி இன்னொரு கரண்டி கோழிக்குழம்பை ஊற்றுவாள்.