ஹூட் நாற்காலி கொண்ட படலம்

வெண்மேலங்கி தரித்த விறலியே, நீலக்கையுறை பூண்ட நெடுவிரலாளே, ஆல்ககால் மணம் கமழும் அங்கையாளே, உயிரணுக்குலம் காக்க உண்ணாது உறங்காது உழன்ற உத்தமியே, வாழி நீ! கரைசல் உறிஞ்சி வார்க்கும் உன் பிப்பெட் வாழி! ஆய்வுக்கூடத்தார் நேரில் அன்போடும், முதுகுக்குப் பின்னால் அன்பில்லாமலும் "அவசரக்கா" என்று அழைத்த இவ்வீராங்கனை, ஒரு நாற்காலிக்காகப் புரிந்த பெரும்போரைச் சொல்லப் புகுகிறோம். கேட்போர் கொட்டாவியை அடக்கிக்கொள்க.

போருக்கு மூலம் இரண்டு குடுவைகள். ஒன்றில் வாழ்ந்தவை மரபணு எதுவும் தொடப்படாமல் பிறந்தமேனிக்கு இருந்த அசல் செல்கள். மற்றதில் வாழ்ந்தவை அவற்றின் வழிவந்து, ஒரே ஒரு மரபணு மட்டும் நறுக்கி எறியப்பட்ட நாக்-அவுட் செல்கள். எண்ணற்ற செல்களைத் தனித்தனியே பிரித்து வளர்த்து, செத்தவற்றுக்கு அழுது, பிழைத்தவற்றைச் சோதித்து, கடைசியில் தேறிய ஒற்றைச் செல்லின் சந்ததி. அவளது முனைவர் பட்டத்தின் முழுப்பாரமும் அச்சந்ததியின் தலைமேல் இருந்தது. கொஞ்சம் பெருகட்டும், பிறகு உறையவைத்துப் பத்திரப்படுத்தலாம் என்று விட்டிருந்ததால், வேறு கையிருப்பும் கிடையாது. தோற்றத்திலோ இரு குலத்துக்கும் எள்ளளவும் வேற்றுமை இல்லை. மைக்ராஸ்கோப்பே கையை விரித்துவிடும். ஆகவே அவள், மன்னர் இருவர்க்கு மணிமுடி சூட்டி நாமம் பொறிப்பதுபோல், குடுவைகளின் மூடிமேல் கறுப்பு மார்க்கரால் கொட்டை எழுத்தில் பெயரெழுதி வைத்திருந்தாள். அழகான கையெழுத்து.

அன்று, செல்களை இளஞ்சூட்டில் வளர்க்கும் இன்குபேட்டரைத் திறந்தவள் திடுக்கிட்டாள். செந்நிறம் பொலிய வேண்டிய ஊட்டக்கரைசல் மஞ்சள் பாரித்துக் கிடந்தது. செல்கள் தம் கழிவிலேயே மூழ்கத் தொடங்கிவிட்டன என்று பொருள். உடனே கரைசலை மாற்றாவிடில் குலம் பூண்டோடு அழியும். மாற்றுவதற்கோ, தூசும் கிருமியும் அண்டாதபடி காற்று வீசும் கண்ணாடிக் கூண்டாகிய ஹூட் வேண்டும். கூடத்தில் இருந்தது ஒரே ஹூட், அதன்முன் ஒரே நாற்காலி, அந்நாற்காலியில் பெரியண்ணன்.

பெரியண்ணனின் பெருமை பேசி முடியாது. பட்டம் வாங்காமலே ஆய்வுக்கூடத்தில் நரைகண்ட மூதாளர். உட்கார்ந்த இடத்தில் வேர்விடும் வரம் பெற்றவர். பேராசிரியரே அவரை எழுப்பத் தயங்கித் தம் வேலையைத் தள்ளிப்போட்டதுண்டு. அத்தகைய மலையின்முன், மார்போடு இரு குடுவைகளை அணைத்தபடி நின்று அவள் போர்ப்பறை அறைந்தாள்:

"அண்ணே, இது என்னோட நேரம். போன வாரமே சொல்லி வெச்சிருக்கேன்."

"அஞ்சே நிமிஷம்மா" என்றது மலை, திரும்பிப் பாராமலே.

மூண்டது போர். அவள் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு, அதன் இரும்புக்கால்கள் தரையில் எழுப்பிய ஓலத்தைச் சங்கநாதமாக்கி அமர்ந்தாள். அவர் சலிக்காமல், புத்தம்புதிய பிப்பெட் முனைகள் நிறைந்த பெட்டியொன்றின் உறையைக் கிழித்தார்; பொழுது சாயுமட்டும் எழப்போவதில்லை என்பதை இதைவிட இரக்கமின்றிச் சொல்ல எந்த மொழியிலும் சொல் இல்லை. அவள் பெருமூச்சென்னும் கணைகளை அவர் பிடரியை நோக்கித் தொடுத்தாள். அவர் ஏற்கெனவே துடைத்த மேசையை மறுபடி ஆல்ககால் தெளித்து, கோயில் சிற்பத்தைத் துலக்குவதுபோல் மூலைமூலையாகத் துடைத்தார். மடியில் குடுவைகள் மேலும் மஞ்சளித்தன. அவளுக்கு அழுகை வந்தது. கோபமென்று அதற்குப் பெயரிட்டு விழுங்கினாள்.

அப்போது விதி, பெரியண்ணனின் மேலங்கிப் பையில் கிர்ரென்று அதிர்ந்தது. வீட்டம்மா. எதிரிப் படைகளுக்கு அசையாத மலை, கையுறைகளை உரித்தெறிந்து வராந்தாவுக்கு ஓடியது.

நாற்காலியில் சூடு ஆறுமுன் அவள் அதில் இருந்தாள். ஆகா, அந்த அரியணையேற்றம்! கண்ணாடியில் ஒட்டியிருந்த "ஒரு நேரத்தில் ஒரு குடுவை" என்னும் கட்டளையை, முதலாண்டு மாணவர்க்கு உரியதென ஒதுக்கினாள். மலை திரும்புமுன் முடித்தாக வேண்டும். ஒரே வீச்சில் இரு மூடிகளையும் திருகிக் கழற்றி ஓரமாக வீசி, பழங்கரைசலை உறிஞ்சி, பிப்பெட்டை மட்டும் மறவாமல் மாற்றி மாற்றி, புதுக்கரைசலை வார்த்து, இடமில்லாமல் இடித்த முனைப்பெட்டிக்கு வழிவிடக் குடுவைகளை அங்குமிங்கும் நகர்த்தி, இரு குலங்களும் செந்நிறக் கடலில் புத்துயிர் பெறக் கண்டு பூரித்தாள். முடித்தபோது பின்னால் ஒரு நிழல் விழுந்தது.

"என்னம்மா, ரெண்டையும் ஒண்ணா திறந்து வெச்சிருக்க?"

வென்றவள் தலைநிமிர்ந்து, தோற்றவர் முகத்தைக் கண்ணாடியில் கண்டு, கூடம் முழுதும் கேட்க முழங்கினாள்:

"எனக்குத் தெரியும்ண்ணே. இன்னிக்கு நேத்தா செய்யறேன்?"

வெற்றித்திருமகள் வாகைமாலையோடு வாசலில் காத்திருக்க, வீராங்கனை தன் மன்னர்க்கு முடிசூட்ட வலக்கை நீட்டினாள். மேசையோரம் கொட்டை எழுத்தில் பெயர் தாங்கிய மணிமுடிகள் இரண்டும் பளபளத்தன. எதிரே பெயரேதும் எழுதாத குடுவைகள் இரண்டும் ஒன்றுபோலவே சிவந்து நின்றன. நீட்டிய கை நடுவழியில் நின்றது.

எந்த மூடி எந்தக் குடுவையுடையது என்று அவளுக்குத் தெரியவில்லை.