லோகநாதன் காப்பாற்றிய ரெஜிமென்ட்

உரிமைக் காவலர் என்று ஓர் இனம் உண்டு, பார்த்திருப்பீர்கள். ஊரில் எது பறிபோனாலும் முதலில் கொதிப்பவர் அவர்தான். ஒன்றும் பறிபோகாத நாளில், பாவம், அவருக்குச் சோறு இறங்காது.

ஆரணியில் பட்டுக்கடை வைத்திருக்கும் லோகநாதன் இதில் அசல் சரக்கு. நம் பக்கத்துப் பையன்கள் தலைமுறையாகச் சேரும் ராணுவ ரெஜிமென்ட்டின் பயிற்சி முகாமை வடக்கே மாற்றிவிட்டார்கள் என்று செய்தி வந்ததுதான் தாமதம். பட்டாளத்து வாசலைக்கூட எட்டிப் பார்க்காத அந்த மனிதர் மீசையை முறுக்கி, மனு எழுதி, மீட்புக் குழு அமைத்து, குழுவுக்குத் தாமே தலைவராகி, மேடையும் போட்டுவிட்டார்.

"நம்ம பசங்க சப்பாத்தி துன்னுகினு எப்டிங்க ஓடுவாங்க? நம்ம மண்ணுல ஓடுனாத்தான் வீரம் வரும்!"

அவர் மகன் அஜித்குமார் கம்பெனிப் பயிற்சிக்கு ஐதராபாத் போயிருக்கிறான். அது வேறு விஷயம். அங்கே பிரியாணி கிடைக்கிறது.

மேடையில் காட்ட ஒரு பட்டாளத்துப் பையன் வேண்டாமா? அகப்பட்டான் ஆன்சன். தறியில் உட்கார்ந்த நேரம் போக இரண்டு வருடம் விடியற்காலையில் ஓடிப் பழகித் தேர்வானவன். புதன்கிழமை காலைக்குள் வடக்கே முகாமில் நிற்க வேண்டும். தவறினால் இடம் போய்விடும். ஆரணியிலிருந்து ஒரு மணி நேர ஓட்டத்தில் இருக்கும் காட்பாடியில் திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்கு ரயில்; அதை விட்டால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. கூட்டம் அன்றே இரண்டு மணிக்கு.

"பத்து நிமிஷம் வந்து நில்லு தம்பி. ஜல்தியா அனுப்பிடறேன்."

ஆரணி மேடையில் பத்து நிமிடமா? பதினேழு பேருக்குப் பட்டுச் சால்வை போர்த்தி, போர்த்தியவர்களுக்கும் போர்த்தி முடிப்பதற்குள் மணி மூன்றரை. ஆன்சனின் தாய் சகாயமேரி பொறுக்கமாட்டாமல் மேடை ஏறினாள்.

"அண்ணா, நீங்க பேசிகினு இருந்தா ரயிலு நிக்காதுங்க. ரெண்டு வருசம் ஓடுன புள்ள. உட்டுடுங்க."

லோகநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. நிஜமாகவே கலங்கியது; அதுதான் கொடுமை. "வீரத்தாய்! ஊரே வழியனுப்பும்!" என்று மைக்கில் முழங்கினார். ஆன்சனும் தாயும் ஏறிய வாடகைக் காருக்கு முன்னால் பேண்டு வாத்தியம், அதற்கு முன்னால் பேனர், எல்லாவற்றுக்கும் முன்னால் தாம் என்று ஊர்வலம் கிளம்பியது. அவர் நடந்த வேகத்துக்குக் கார் நகர்ந்தது. உள்ளே சகாயமேரி மணியைப் பார்த்துப் பார்த்து அழுதாள். வெளியே அதையும் பெருமைக் கண்ணீர் என்று படம் பிடித்தார்கள்.

ரயில் போய்விட்டது. இடமும் போயிற்று.

மறுநாளே லோகநாதன் புது மனு எழுதினார்: "பயிற்சி இங்கேயே நடந்திருந்தால் எங்கள் ஆன்சன் ரயிலைத் தவறவிட்டிருப்பானா?" நாற்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஆன்சன் போடவில்லை. தறியில் இருந்தான்.

இப்படியும் ஒரு மனிதனா என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஊர்வலம் நடந்த அன்று மாலையே அந்தப் படம் எல்லாருக்கும் வந்ததே, பார்த்ததும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியவர்கள் யார் யார்? போனைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள்.