தோசைக்கல்லில் மூன்று ஓட்டை

மாமியாரிடம் துடைப்பத்தால் அடி வாங்கிய மாப்பிள்ளைகள் நாட்டில் நிறையப் பேர் இருப்பார்கள். யாரும் வெளியில் சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான். நான் சொல்கிறேன். அந்த அடிக்காக இன்றுவரை அவருக்கு நன்றியோடு இருக்கிறேன் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு கிடார் ஆம்ப்ளிஃபையர். புதுச்சேரியைக் காலி செய்துகொண்டு போன பிரெஞ்சுக்காரர் ஒருவர், தூக்கிக்கொண்டு போக முடியாமல் என் தலையில் கட்டிவிட்டுப் போனது. அந்தக் காலத்து ரேடியோவில் கண்ணாடிக் குப்பி மாதிரி வால்வுகள் இருக்குமே, அவை போட்டது. அதற்கு ஒரு குணம் உண்டு. மெதுவாக வைத்தால் முனகும், சத்தமாக வைத்தால்தான் வாயைத் திறந்து பாடும். நாங்கள் குடியிருந்ததோ உழவர்கரையில் ஒரு மாடி வீடு. கீழே வீட்டுக்காரர், மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குடிபோன முதல் வாரம் ஆசையாக வாசித்துப் பார்த்தேன். மூன்றாவது நிமிடம் படியேறி வந்துவிட்டார்.

"தம்பி, முப்பது வருஷம் தறி சத்தத்துல நின்னவன் நானு. எனக்கே காத அடைக்குது. இன்னொரு தடவ இந்தச் சத்தம் கேட்டுச்சுன்னா நீ வேற வூடு பாத்துக்க."

அதோடு ஆம்ப்ளிஃபையருக்குத் துண்டு போர்த்தினேன். என் மனைவி புவனா அதன் மேல் ஒரு பூந்தொட்டியை வைத்தாள். (பூ நன்றாகத்தான் வந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன்.)

எட்டு மாதம் கழித்து, நண்பனின் நண்பரான ஓர் இசையமைப்பாளர் சென்னையிலிருந்து கூப்பிட்டார். ஒரு பாட்டின் நடுவில் அரை நிமிடம் கிடார் வேண்டுமாம்.

"நெஜ வால்வு ஆம்ப் வச்சிருக்கீங்களாமே? அதுலயே வாசிச்சு அனுப்புங்க. ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஆறு மணிக்குள்ள வரலன்னா வேற ஆளப் பாத்துக்குவேன்."

நான் புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில், பிளாஸ்டிக் டப்பாக்களுக்கு மூடி சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்கிறவன். பதினைந்து வருடமாகக் கிடார் வாசிக்கிறேன். ஒரே ஒரு பாட்டிலாவது என் கிடார் கேட்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு பேராசை கிடையாது. வாசித்தால் வீடு போகும், வாசிக்காவிட்டால் பாட்டு போகும்.

இதற்கு ஒரு வழி உண்டு என்று படித்திருந்தேன். ஸ்பீக்கரைக் கழற்றிவிட வேண்டும். சும்மா கழற்றினால் ஆம்ப்ளிஃபையர் கருகிவிடும் என்பதால் அந்த இடத்தில் ஒரு ரெசிஸ்டரை மாட்ட வேண்டும். சத்தமாக வெளியே வர வேண்டியதெல்லாம் அதில் சூடாகப் போய்விடும். அங்கிருந்து ஒரு துளியை மட்டும் எடுத்து லேப்டாப்புக்குக் கொடுத்தால், ஸ்பீக்கர் பெட்டியும் அதன் முன்னால் மைக்கும் வைத்தால் எப்படிக் கேட்குமோ அப்படியே அது ஹெட்ஃபோனில் நடித்துக் காட்டும். இல்லாத பெட்டி, இல்லாத மைக். அறைக்குள் கேட்பது கிடார் கம்பியின் டிக் டிக் மட்டுமே.

ரெசிஸ்டர் விற்ற கடைக்காரர் தெளிவாகத்தான் சொன்னார். "சார், இது கொதிக்கும். பெரிய உலோகத் தகடு ஒண்ணுல திருகாணி போட்டு முடுக்கிடுங்க. நடுவுல வெள்ளக் களிம்பு தடவணும்." தலையை ஆட்டிவிட்டு, தகடும் வாங்காமல் களிம்பும் வாங்காமல் வீட்டுக்கு வந்த அறிவாளி நான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மாமியார் வந்திருந்தார். கடலூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். மாப்பிள்ளை மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை. நான் அறைக்குள் நுழைந்தால் எழுந்து நிற்பார். நான் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது, "மாப்ள சாப்டாங்களான்னு கேளுடி" என்று புவனாவிடம் கேட்பார். மதியம் அம்மாவும் பெண்ணும் படகு சவாரிக்காக நோணாங்குப்பம் கிளம்பினார்கள். ஆபீஸ் வேலை இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு வீட்டில் தங்கிவிட்டேன்.

தகடு வேண்டும். கடைகள் மூடியிருந்தன. சமையலறைக்குள் நுழைந்தேன். அங்கே இரண்டு தோசைக்கல் இருந்தன. ஒன்று பளபளவென்று புதிது, நான்ஸ்டிக். அதைத் தொட்டால் புவனா கொன்றுவிடுவாள். இன்னொன்று கன்னங்கரேலென்று பழைய இரும்புக்கல். பழசுதானே, யார் தேடப்போகிறார்கள் என்று அதை எடுத்தேன். (எனக்கு மூளை இருக்கிறதா என்று புவனா பிறகு கேட்டாள். நியாயமான கேள்வி.)

கீழே போய், சாமி படம் மாட்ட வேண்டும் என்று இன்னொரு பொய் சொல்லி, வீட்டுக்காரரிடம் டிரில்லிங் மெஷின் வாங்கி வந்தேன். இரண்டு ஓட்டை போதும். இரண்டாவது கொஞ்சம் தள்ளி விழுந்துவிட்டதால் மூன்றாகப் போட்டேன். களிம்புக்கு என்ன செய்வது? வழவழவென்று இருக்க வேண்டும், அவ்வளவுதானே? நெய்யைத் தடவினேன்.

நான்கரை மணிக்கு எல்லாம் தயார். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு வாசித்தேன். அடடா! எட்டு மாதமாகப் பூந்தொட்டி சுமந்த பிராணி வாயைத் திறந்து பாடியது. வெளியே ஈ பறந்தாலும் கேட்கும் அமைதி, எனக்குள்ளே திருவிழா. ஒவ்வொரு முறையும் எங்காவது பிசகியது, திரும்பத் திரும்ப வாசித்தேன். கல் நன்றாகச் சூடேறியதோ, நெய் உருகிப் புகைந்ததோ எனக்குத் தெரியாது. கண்ணை மூடியிருந்தேன்.

இனி நடந்தது புவனா சொல்லித் தெரிந்தது. படகைப் பார்த்ததுமே மாமியார், "ஆடுதுடி, நான் ஏற மாட்டேன்" என்று கரையிலேயே உட்கார்ந்துவிட, இருவரும் ஆட்டோ பிடித்துத் திரும்பிவிட்டார்கள். நெய் ரோஸ்ட் வாசனை பிடித்துக்கொண்டு, மெஷினைத் திரும்ப வாங்கும் சாக்கில் வீட்டுக்காரரும் மேலே வந்திருக்கிறார். மூவரும் கதவைத் தட்டியது எனக்குக் கேட்கவில்லை. புவனா சாவி போட்டுத் திறந்தாள்.

அவர்கள் பார்த்த காட்சியை நீங்களும் பாருங்கள். பாட்டுச் சத்தம் எதுவும் இல்லை. தரையில் தோசைக்கல், அதிலிருந்து புகை. கல்லிலிருந்து ஒரு ஒயர், உள்ளே வால்வுகள் சிவந்து எரியும் பெட்டிக்குப் போகிறது, பெட்டியிலிருந்து இன்னொரு ஒயர் என் மடிக்கு வருகிறது. நான் கண்கள் செருகி, பல்லைக் கடித்து, தோள் குலுங்க ஆடிக்கொண்டிருக்கிறேன்.

"ஐயோ, மாப்ளய கரண்டு புடிச்சிடுச்சு!"

வீட்டுக்காரர் மெயின் சுவிட்சை நோக்கி ஓடினார். மாமியார் அவருக்காகக் காத்திருக்கவில்லை. கரண்ட் பிடித்தவனைக் கையால் தொடக் கூடாது என்று தெரிந்தவர். கதவு மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்து என் இடது கையில் ஓங்கி ஒன்று வைத்தார்.

"விடுடா! கைய விடுடா!"

அரை நிமிடத்தைப் பிசகில்லாமல் வாசித்து, கடைசி ஸ்வரத்தில் நின்றுகொண்டிருந்தேன். அடி விழுந்ததில் விரல் கம்பியோடு மேலே சறுக்கியது. மின்சாரம் போனது. வால்வு உடனே அணையாது என்பதால் அந்த ஸ்வரம் மெல்லத் தேய்ந்து அடங்கியது.

"அத்த, நான் பாட்டு வாசிச்சிட்டிருந்தேன்" என்றேன்.

"எங்கப்பா பாட்டு? ஒண்ணுமே கேக்கலியே" என்றார் வீட்டுக்காரர். சமையலறையை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப நெய் ரோஸ்ட் இல்லியா?" என்றார்.

மாமியார் துடைப்பத்தைக் கீழே போட்டார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "மாப்ள மேல கை வச்சிட்டனே" என்று கண் கலங்கிவிட்டார். அப்போதுதான் புவனா கல்லைப் பார்த்தாள்.

"என்னாங்க இது? எங்கம்மா இருவது வருஷமா பழக்குன கல்லு! எனக்குன்னு குடுத்தாங்க! ஓட்ட போட்டு வச்சிருக்கீங்க?"

எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

"கல்லு கெடக்குது வுடுடி" என்றார் மாமியார். "ஆளு நல்லா இருக்காங்க இல்ல?"

என் அம்மா போன பிறகு என்னை யாரும் 'டா' போட்டு அதட்டியதில்லை. கை எரிந்தது. ஆனால் அந்த அறையில் அன்றைக்கு என்னைவிட நிம்மதியாக யாரும் இருந்திருக்க முடியாது.

லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்ததால் பதிவு பிழைத்தது. போட்டுக் கேட்டேன். மைக்கே இல்லாததால் அலறல் இல்லை, துடைப்பம் இல்லை. கிடார் மட்டும், கடைசியில் அழுவது போல மேலே ஏறும் ஒரு ஸ்வரம். திரும்ப வாசிக்க நேரமும் இல்லை, முகமும் இல்லை. ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அப்படியே அனுப்பினேன். இசையமைப்பாளர் அந்த ஸ்வரத்துக்காகவே பதிவை எடுத்துக்கொண்டார். அடுத்த பாட்டுக்கும் கூப்பிட்டு, "அந்தக் கடைசி இழுப்பு மாதிரி இன்னொண்ணு வேணும்" என்றார். எத்தனையோ முறை முயன்றேன், வரவில்லை. அதற்கு மாமியார் வேண்டும்.

"இப்பிடி வாசிக்கிறதுன்னா எவ்ளோ வேணா வாசி தம்பி" என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டதால் அதே வீட்டில்தான் இருக்கிறோம். கல்லும் ரெசிஸ்டரோடு என் அறையிலேயே இருக்கிறது. மாமியார் வரும்போதெல்லாம் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தோய்த்து, மூன்று ஓட்டைகளையும் சுற்றித் தேய்த்துவிட்டுப் போவார். "கல்லு பழக்கம் வுட்டுடக் கூடாது இல்ல" என்பார்.

யார் வந்தாலும் புவனா அந்தப் பாட்டைப் போடுவாள். கடைசி ஸ்வரம் ஏறும்போது கையை உயர்த்தி, "தோ, எங்கம்மா அடிச்ச எடம்!" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். மாமியார் மட்டும் கதவோரம் எழுந்து நின்று, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பார்.

"ரொம்ப வலிச்சுதா மாப்ள?"

"இல்ல அத்த" என்பேன்.

(வலித்தது.)