ரோமாபுரியார் வீட்டுக் குடிபூரல்

லண்டனில் பெரிய பெரிய வங்கிகளுக்கு நடுவே தனி வீடு வைத்திருந்த ஒரே யாழ்ப்பாணத்துக்காரர் எங்கள் ரோமாபுரியார்தான். வீட்டுக்குக் கூரை கிடையாது. சுவர்கள் முழங்கால் உயரம். கட்டி ஏறக்குறைய இரண்டாயிரம் வருடம் இருக்கும். இதெல்லாம் அவருக்கு ஒரு குறையாகவே படவில்லை.

உண்மையில் அவர் ஓர் அலுவலகக் கட்டடத்தின் செக்யூரிட்டி. நானும் அங்கே அவரோடு ஷிப்ட் பார்த்தவன். அந்தத் தெருவுக்கு அடியில் ரோமர் காலத்து வீடொன்று புதைந்து கிடந்தது. கட்டடம் எழுப்பும்போது அதைக் கண்டெடுத்து, நிலவறையில் அப்படியே காப்பாற்றி வைத்திருந்தார்கள். சனிக்கிழமைகளில் யாரும் வந்து பார்க்கலாம்.

கதவைத் திறந்துவிடுவது மட்டும்தான் ரோமாபுரியாரின் வேலை. அவரோ வாசலில் நின்று "வாங்கோ, வாங்கோ" என்று தமிழிலேயே வரவேற்று, சப்பாத்தைக் கழற்ற வைத்துத்தான் உள்ளே விடுவார். ஒரு வெள்ளைக்காரர் ஏன் என்று கேட்டார். வீட்டுக்குள் சப்பாத்தோடு போவதுதான் உங்கள் பழக்கமா என்று இவர் திருப்பிக் கேட்டார். பாவம், அதுதான் அவர்கள் பழக்கம். மனிதர் குனிந்து கழற்றினார்.

ரோமர்கள் தரைக்குக் கீழே சூடான காற்றை ஓடவிட்டுக் குளிரை விரட்டியவர்கள். தரையைத் தாங்கிய குட்டிச் செங்கல் தூண்களைக் காட்டும்போது, ஏதோ தானே கொத்தனாரை வைத்துக் கட்டுவித்தது போல அவருக்குப் பெருமை வந்துவிடும்.

"பார் தம்பி, நிலமே சுடும். வால்தம்ஸ்டோவில என்ர வாடகை அறையில ஹீட்டரைப் போட்டாலும் காது விறைக்குது. இதில ஆர் முன்னேறின ஆக்கள்?"

ஒருநாள் கட்டடத்தின் மனேஜர் அம்மா வந்து குண்டைத் தூக்கிப் போட்டார். பார்வையாளர்கள் வருவதில்லையாம். மாதக் கடைசிச் சனிக்கிழமையோடு நிலவறையைப் பூட்டிவிட்டு, அங்கே இறங்கும் வழியில் சைக்கிள் நிறுத்தப் போகிறார்களாம்.

"ஆக்கள் வரேல்லை எண்டு வீட்டைப் பூட்டுறதோ?" என்று ரோமாபுரியார் என் மேல் பாய்ந்தார், ஏதோ நான்தான் பூட்டியது போல.

"வராட்டி என்ன அண்ணை செய்யிறது?"

"ஆராவது போய்ச் சொன்னவையோ? இன்டர்நெட்டில போட்டா வீட்டுக்குச் சனம் வருமோ? நேரில போய்ச் சொல்லவேணும்!"

அதிலும் நியாயம் இருந்தது. வாசலுக்கு வந்து சொல்லாவிட்டால் எங்கள் சனத்துக்குச் சொன்னதாகவே கணக்கில்லை. மனிதர் லீவு போட்டுவிட்டு, வெஸ்ட் ஈலிங் கோயிலடியிலிருந்து அப்டன் பார்க் கடைகள் வரை ஏறி இறங்கினார். "என்ர வீட்டில குடிபூரல். கட்டாயம் வரவேணும்" என்று, புதுமனை புகுவிழாவுக்கு அழைப்பதுபோல் எல்லோரிடமும் சொன்னார்.

"அண்ணை, என்ர வீடெண்டோ சொன்னனீங்கள்?" என்று பதறிப்போய்க் கேட்டேன்.

"பின்ன, பூட்டிக் கிடக்கப்போற வீடெண்டு சொன்னா ஆர் வருவினம்?"

ஊர் பற்றி எரிந்தது. செக்யூரிட்டி வேலை செய்கிறவர் வங்கிகள் நிற்கும் சிட்டிக்குள் வீடு வாங்குவதா? லொத்தர்ச் சீட்டு விழுந்ததா? அழைப்புக் கிடைக்காதவர்களுக்கும் வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. சனிக்கிழமை காலை பட்டுச்சேலையும் வேட்டியுமாகத் தெரு முழுக்க வரிசை. எங்கள் வழக்கப்படி ஒவ்வொருவர் கையிலும் ஒரு சுவர் மணிக்கூடு பரிசு. அந்த முழங்கால் சுவரில் எதை எங்கே மாட்டுவது?

பளிங்கு வரவேற்பறையைப் பார்த்தே மலைத்துப்போன ஓர் அக்கா, கீழே இறங்கியதும் அலறினார்: "ஐயோ, இன்னும் கட்டி முடியேல்லையே!"

"கட்டி முடிச்சு இடிஞ்சது அக்கா," என்றேன்.

ஏமாந்தவர்கள் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்தேன். ரோமாபுரியார் ஒவ்வோர் அறையாகக் கூட்டிப்போய்க் காட்டக் காட்ட, "சாமி அறை எது?", "குசினியில அடுப்பு எந்தப் பக்கம்?" என்று கேள்வி மேல் கேள்வி. ஒருவரும் திரும்பிப் போகவில்லை.

ஆர்ப்பாட்டமோ என்று ஓடிவந்த மனேஜர் அம்மா, மலையாகக் கிடந்த சப்பாத்துகளைக் கண்டு திகைத்து நின்றார். அப்போது நாங்கள் மேலே வரவேற்பு மேசையில் மின்சாரக் கேத்தலில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தோம். அங்கே அடுப்பு மூட்டத் தடை. பால் பொங்கி வழிந்தால்தான் குடிபூரல். கேத்தலோ, பால் எழும்பும் நேரம் பார்த்து 'டிக்' என்று தானாக நின்றுவிடும். மறுபடி போட்டோம். மறுபடி 'டிக்'.

"பொங்காட்டிச் சரிவராது," என்று அந்த அக்கா தலையாட்டினார்.

என்ன பிரச்சினை என்று மனேஜர் அம்மா கேட்டார். பால் வழிந்தால்தான் வீடு நிலைக்கும் என்று ரோமாபுரியார் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கெஞ்சினார். அந்த அம்மா வரிசையைப் பார்த்தார், இவர் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் விரலால் கேத்தல் சுவிட்சை அழுத்திப் பிடித்துக்கொண்டார். பால் நுரைத்து மேசையெல்லாம் ஓடியது. அந்தக் கட்டடத்தில் அப்படி ஒரு கைதட்டலை நான் கேட்டதில்லை. சைக்கிள்களுக்கு வேறு இடம் பார்க்கலாம் என்று அங்கேயே சொல்லிவிட்டார். புண்ணியவதி.

எல்லோரும் போனபின் ரோமாபுரியார் தும்புத்தடியோடு நிலவறைப் படியைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"லண்டன் தமிழ்ச் சனம் பாதி வந்திட்டுது அண்ணை. ரோமர்தான் வரேல்லை," என்று சீண்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. "அவைதானே தம்பி வீட்டுக்காரர். நான் சும்மா வீட்டைப் பாத்துக்கொண்டு இருக்கிறவன்." குனிந்து கூட்டியபடியே சொன்னார்: "ஊரில என்ர வீட்டிலயும் இப்ப ஆரோ இருக்கினமாம். ஆரெண்டு தெரியாது. அவையும் இப்பிடிக் கூட்டி வச்சிருந்தா நல்லம்."

எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது, வெட்கமாகவும் இருந்தது. தும்புத்தடியை அவர் கையிலிருந்து வாங்கி, மிச்சப் படிகளை நான் கூட்டினேன்.