கரண்ட் இஞ்சினில் அடுப்பு எங்கே?

ஜோலார்பேட்டை
14.7.1991

அரக்கோணத்தில் இருக்கும் என் தம்பி ரத்தினசாமிக்கு, அக்கா எல்லம்மா எழுதிக்கொண்டது. இங்கு நாங்கள் நலம். அங்கே உன் மூட்டுவலியும் உன் வீட்டுக்காரியின் கோபமும் கம்மியாகியிருக்க மாரியாத்தா துணை.

"உன் பேரன் ட்ரெயினிங்கைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிவிட்டான், என் மானம் போச்சு" என்று எழுதியிருந்தாய். என் பேரன் காசி ஓடவில்லை தம்பி, பாஸ் காட்டித்தான் ரயிலேறி வந்தான். முதல் நாளே அவன் கரி அள்ளும் ஷவலோடு கரண்ட் இஞ்சினில் ஏறியது உண்மைதான். வாத்தியார், "இன்னாப்பா, இதுல எங்க கரி போடப் போற?" என்று கேட்க, "கரிக்கு இல்ல சார், முட்டை சுட. அடுப்பு எங்க சார்?" என்றானாம். அவன் தாத்தா காலத்திலிருந்து ஷவலைக் கழுவி, இஞ்சின் அடுப்பில் நீட்டி, முட்டை சுட்டுத் தின்ற, இஞ்சினுக்குக் கரி போடும் ஃபயர்மேன் குடும்பம். பிள்ளைக்கு வேறு இன்னா தெரியும்? ஆனாலும் சீக்கிரமே எந்த சுவிட்ச் எதற்கென்று கற்றுக்கொண்டு வாத்தியாரிடமே சபாஷ் வாங்கினான். அதை மட்டும் நீ எழுதவில்லை.

அப்போதுதான் இங்கே கரி இஞ்சின் ஷெட்டை மூடப்போகும் சேதி வந்தது. சம்பளக்காரர்களுக்கெல்லாம் மாற்று வேலை உண்டு. ஷெட்டுச் சாம்பலைச் சலித்து, எரியாத கரியைப் பொறுக்கி, இஸ்திரிக்காரர்களுக்கு விற்றுப் பிழைக்கும் அக்தர் பானுவுக்கும் மற்றப் பெண்களுக்கும் ஒன்றும் கிடையாது. காசிக்கு நடை பழக்கினவளே பானுதான். கேட்டதும் வந்துவிட்டான். ஜீப்பில் வந்த ஆபீசரை ஷெட் வாசலிலேயே மடக்கினான்.

"கரியை எடுத்துட்டு எனக்குக் கரண்ட் குடுத்தீங்க சார், சந்தோஷம். இவங்களுக்கு இன்னா குடுத்தீங்க?"

"அவங்க நம்ம ஆளுங்க இல்லையேப்பா."

"சாம்பலு நம்மளுதுதான சார்?"

"நீ மொதல்ல ட்ரெயினிங் போ. இல்லன்னா உன் வேலையும் போய்டும்."

"போட்டும் சார். நானும் ஒரு சல்லடை வாங்கிக்கிறேன்."

மூன்று தலைமுறையில் ஃபயர்மேனுக்கு மேலே போகப்போகிறவன் இவன் ஒருத்தன்தான். ஆனாலும் நான் குறுக்கே பேசவில்லை, ஒரு ஓரமாக இருந்தேன். என் பேரன் கேட்ட நியாயத்துக்கே ஆபீசர் இளகி, ரயில் பெட்டி கூட்டிக் கழுவும் வேலையை அத்தனை பெண்களுக்கும் வாங்கிக் கொடுத்தார்.

முதல் நாள் பானு கூட்டிய குப்பையைக் கொட்டாமல் சல்லடையில் போட்டுச் சலித்திருக்கிறாள். மேஸ்திரி, "இன்னாம்மா, பொட்டிக்குள்ள கரி தேடுறியா?" என்று கத்தும்போதே ஒரு தங்கக் கம்மல் சல்லடையில் நின்றது. "பழக்கம்பா, கை சும்மா இருக்க மாட்டுது" என்றாளாம். தொலைத்த பெண் ஸ்டேஷனில் அழுதுகொண்டிருந்தாள், அவளிடமே போய்ச் சேர்ந்தது. இப்போது மேஸ்திரியே, "சலிச்சாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் குப்பையைக் கொட்டவிடுகிறார்.

காசி திங்கட்கிழமை ட்ரெயினிங்குக்கு உன் வீட்டுக்கே திரும்பி வருகிறான். மூஞ்சியைத் தூக்காமல் சோறு போடு. முட்டையும் வாங்கி வை. பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா எல்லம்மா

பி.கு.: இதைப் படித்துவிட்டுக் காசி, "இன்னா ஆயா, ஓரமா இருந்தேன்னு எழுதிக்கிற? ஆபீசர் ஜீப்புல ஏறி உக்காந்துகினு, வேலை குடுக்காம எறங்க மாட்டேன்னது யாரு?" என்கிறான். மத்தியானச் சோற்றுக்குப் போக ஆபீசருக்கு ஜீப் வேண்டியிருந்தது, வாஸ்தவம்தான். ஆனாலும் நான் உட்கார்ந்தது ஓரத்தில்தான் தம்பி. நடுவில் பானு.